ஞாயிற்றுக்கிழமை ராகு காலம்

போன சித்திரையில் ஒரு நாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே நான் ஒரு பெரிய முடிவுக்கு வந்தேன். என் மனைவி எழிலரசியின் படிப்பை இனி நானே முன்னின்று நடத்துவது. அவள் எழுதப்போகும் தேர்வுக்கு அருமையான ஒரு டைம்டேபிள் போட்டுக் கொடுப்பது. அதை அவள் பிசகாமல் கடைப்பிடிக்கிறாளா என்று கூடவே இருந்து பார்ப்பது.

கேட்கிறவர்கள் கண்கலங்கிப் போவார்கள். அம்பத்தூர் மேனாம்பேட்டில் இப்படியும் ஒரு புருஷனா என்பார்கள். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் பாஸ் ஆவதும் ஆகாததும் எனக்கு ரெண்டாம் பட்சம். எனக்கு வேண்டியது, வீட்டில் என்னோடு பேச ஓர் ஆள். அவ்வளவுதான்.

எழிலரசி பூந்தமல்லியில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். துறைத் தேர்வு எழுதினால்தான் பதவி உயர்வு. மகளை வளர்க்கிறேன், வீட்டைப் பார்க்கிறேன் என்று இவள் எழுதாமலே காலத்தை ஓட்டிவிட்டாள். இவளிடம் ஃபைல் கட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் எல்லாம் தேர்வை எழுதி, உயர்வு வாங்கி, இவளுக்கே மேலே உட்கார்ந்து, "எழில் அக்கா, அந்த ஃபைலைக் கொண்டாங்க" என்கிறார்கள். அதில் ஒருத்தி ஒரு நாள் அக்காவையும் கழற்றிவிட்டு வெறும் எழிலரசி என்று கூப்பிட்டாளாம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து எடுக்கவில்லை. இந்த வாட்டி எழுதறேன், ஒரே தூக்கில் பாஸ் பண்றேன் என்றாள். நானும் நல்ல மனசோடு, எழுதேன் என்று சொல்லித் தொலைத்தேன். எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு அது.

அன்றோடு வீடு அடங்கிப்போனது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே காதில் ஒயர். யாரோ ஒரு வாத்தியார் நடத்திய பாடம் போனில் ஓடிக்கொண்டிருக்கும். தாளிக்கும்போதும் அவர்தான். துணி மடிக்கும்போதும் அவர்தான். அந்த மனுஷன் என் வீட்டு அடுப்படியில் பேசிய பேச்சில் கால்வாசிகூட நான் பேசியிருக்கமாட்டேன். நான் பக்கத்தில் போய் நின்று, "எழிலு, இன்னைக்குக் கம்பெனில இன்னா ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தால் ஒரு விரலைத் தூக்குவாள். ஒரு நிமிஷம் இருங்க என்று அர்த்தம். அந்த ஒரு நிமிஷம் தை மாசம் ஆரம்பித்தது. இன்னும் முடிந்தபாடில்லை.

சரி, கம்பெனியிலாவது பேசலாமே என்பீர்கள். எனக்குத் திருமழிசை எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர் வேலை. உள்ளே என்னோடு இருப்பவை நட்டு, போல்ட்டு, வாஷர். வெளியே மிஷின் போடும் சத்தத்தில் யார் என்ன சொன்னாலும் தலையைத்தான் ஆட்ட முடியும். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் பேச்சுக் கொடுத்தால் அவனும் காதில் ஒயர் மாட்டியிருக்கிறான். புனேயில் வேலை பார்க்கும் எங்கள் மகள் பவித்ரா தினமும் போன் பண்ணுவாள். நான் எடுத்தால், "அப்பா, நல்லா இருக்கீங்களா, அம்மா கிட்ட குடுங்க" என்பாள். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வாள். நடுவில் நான் பதில் சொல்ல இடமே இருக்காது.

ஒரு நாள் கடன் வேண்டுமா சார் என்று ஒரு பெண் போன் பண்ணினாள். வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால் பாருங்கள், அவள் என்னை சார் என்கிறாள், எங்கே வேலை என்கிறாள், வீடு சொந்தமா என்கிறாள். என்னைப் பற்றி ஒருத்தர் இவ்வளவு கேட்டு எத்தனை காலம் ஆகிறது. எங்கள் தாத்தா காலத்தில் இந்த மேனாம்பேடு எப்படி வயலாக இருந்தது, அது எப்படிப் பிளாட் பிளாட்டாகப் போனது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பம்ப்செட் போட்ட கட்டத்துக்கு வரும்போது அவள் போனை வைத்துவிட்டாள். கடன் கொடுக்கிறவர்களே ஓடிப்போகிற அளவுக்கு வந்துவிட்டேன். அன்று மனசு கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக்கு வருகிற ஒரே ஆள் எதிர்வீட்டுத் துலுக்கானம். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வந்து நாற்காலியில் சாய்ந்துகொள்வான். பேச வருகிறான் என்று நினைக்காதீர்கள். அவன் சம்சாரம் முத்தம்மாள் வாய் ஓயாமல் பேசுகிறவள். அதனால் அவன் இங்கே வருவது பேசாமல் இருக்க.

"உன் ஊடு கோயிலு மாரி கீது மச்சான்" என்பான். கண்ணை மூடிக்கொள்வான். நான் வாயைத் திறந்தால், "வாணாம் மச்சான், கெட்துராத" என்பான்.

அந்த முடிவுக்கு வந்தேன் என்றேனே, அதற்கு முந்தின நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. துலுக்கானம் எழுந்து கிளம்பியவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான். மருமகன் வீட்டுக்கு ஒரு நல்ல விஷயமாகப் போகிறானாம். ராகு காலம் முடியட்டும் என்றான்.

எனக்குப் பொறி தட்டியது.

எழிலரசிக்கு ராகு காலம் என்றால் ராகு காலம்தான். அதில் புது சோப்பைக்கூடப் பிரிக்கமாட்டாள். பவித்ராவைப் பெண் கேட்டு ஒரு நல்ல இடத்திலிருந்து போன் வந்தபோது, அது ராகு காலம் என்று அடிக்க அடிக்க எடுக்காமல் விட்டவள். அவர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். அதற்கும், ராகு காலத்தில் பண்ணினால் இப்படித்தான் ஆகும் என்றாள்.

காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்து லீவு என்பது ஞாயிறு மட்டும்தான். அவள் முழுமூச்சாகப் படிப்பதும் அன்றுதான். ஞாயிறு பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை எமகண்டம். மூன்றிலிருந்து நாலரை குளிகை. நாலரையிலிருந்து ஆறு ராகு காலம். சும்மா சொல்லக்கூடாது, வாரத்தில் ஏழு நாளையும் எடுத்துப் பார்த்தாலும் ஒரு புருஷனுக்கு இவ்வளவு தோதாக அமைந்த கிழமை வேறு இல்லை.

ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். மூன்று கலரில் ஸ்கெட்ச் பேனா. காலையில் கடினமான பாடம், மதியம் சாப்பாட்டுக்குப் பின் திருப்புதல், ஆறு மணிக்கு மேல் மாதிரித் தேர்வு. நடுவில் எமகண்டம், குளிகை, ராகு காலம் மூன்றையும் சிவப்பில் அடைத்து ஓய்வு என்று எழுதினேன். மூளைக்கு ஓய்வு கொடுத்தால்தான் படித்தது நிற்கும் என்று வல்லுநர்கள் சொல்கிறார்கள் என்றேன். எந்த வல்லுநர் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் துலுக்கானத்தைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

காதிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு அந்த அட்டவணையை மேலிருந்து கீழ் வரை படித்தாள். என்னை ஒரு முறை பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"நல்லா கீதுங்க. நீங்களே போட்டீங்களா?"

"வேற யாரு போடுவா."

"நான்கூட நீங்க என் படிப்ப பத்தி கண்டுக்கவே இல்லன்னு நெனச்சிருந்தேன்."

அரிசி டப்பா மூடியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து, அட்டவணையை ஃபிரிட்ஜ் கதவில் மாட்டினாள். நான் மாடிக்குப் போய்த் தனியாகச் சிரித்துவிட்டு வந்தேன்.

முதல் ஞாயிறு. பன்னிரண்டு அடித்தது. புத்தகத்தை மூடினாள். நான் சோபாவில் தயாராக உட்கார்ந்திருந்தேன். பேசவேண்டியதை மனசுக்குள் அடுக்கியும் வைத்திருந்தேன். அவள் போனை எடுத்து, "பவி, உன்கூட நிம்மதியா பேசி எவ்ளோ நாளாச்சுடி. அப்பா ஒரு டைம்டேபிள் போட்டுக் குட்த்தாரு" என்று ஆரம்பித்தாள். எமகண்டம் முடியும் வரை அம்மாவும் மகளும் பேசினார்கள். சிரித்தார்கள். யாரோ ஒருத்தியின் வளைகாப்பைப் பற்றிப் பேசினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போகட்டும், குளிகை இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மூன்று மணிக்கு அவள் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். ஓய்வு நேரமாயிற்றே என்றேன்.

"குளிகைல எது செஞ்சாலும் அது திரும்பத் திரும்ப நடக்கும்னு தெரியாதா உங்களுக்கு? இப்ப படிச்சா பரீட்சைல திரும்பத் திரும்ப நெனப்பு வரும். இத்தப் போயி செவப்புல அட்ச்சி வெச்சிருக்கீங்க. பச்சைல மாத்துங்க."

நான் சும்மா நிற்பதைப் பார்த்தவள், அந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் கழுவிடுங்களேன் என்றாள். ஏதோ ஞாபகத்தில் போய்க் கழுவிவிட்டேன். அடுத்த ஞாயிறு குளிகையிலும் கழுவினேன். அதற்கடுத்த ஞாயிறும் கழுவினேன். குளிகை எல்லாம் மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், சிங்க்கைக் காட்டுகிறேன்.

மிச்சமிருந்தது ராகு காலம். அதற்காக நான் பெரிய ஏற்பாடே வைத்திருந்தேன். வண்டியில் அவளை உட்காரவைத்து அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவது. சுண்டல் வாங்கித் தருவது. அப்படியே நடப்பது. நடந்தால் பேச்சு தானாக வரும். நாலரைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து பார்க்கிறேன், அவள் தரையில் தலையணை போட்டுப் படுத்திருந்தாள்.

"எத்தினி மாசம் ஆச்சுங்க நான் பகல்ல கண்ண மூடி. உங்களுக்குக் கோயில் கட்டணும்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

எழுப்ப மனசு வரவில்லை. வேலைக்கும் போய், சமைத்தும் போட்டு, ராவெல்லாம் படித்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தாள். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்துவிட்டுத் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். பழக்கதோஷத்தில் இரண்டு பொட்டலம் சுண்டல் வாங்கிவிட்டேன். இரண்டையும் நானே தின்றேன். எதிரே ஒரு வயசான ஜோடி. அந்த அம்மா நடை முழுக்கப் புருஷனைத் திட்டிக்கொண்டே போனாள். அவர் கொடுத்துவைத்தவர் என்று நினைத்தேன்.

இப்படியே வாரங்கள் போயின. எமகண்டம் மகளுக்கு. குளிகை பாத்திரத்துக்கு. ராகு காலம் தூக்கத்துக்கு. இதில் கொடுமை என்னவென்றால், டைம்டேபிள் நன்றாக வேலை செய்தது. மாதிரித் தேர்வில் மார்க் ஏறிக்கொண்டே போனது. நன்றாகத் தூங்கி எழுந்து படிப்பதால் எல்லாம் அப்படியே நிற்கிறதாம். ஆபீசில் கனிமொழி என்று ஒரு தோழி இருக்கிறாள், அவளும் பரீட்சை எழுதுகிறவள். அவளிடம், எங்க ஊட்டுக்காரரு மாரி யாரும் கெடையாது என்று சொன்னாளாம். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. ஊருக்கெல்லாம் என்னைப் பற்றிப் பேசுகிறாள். என்னோடுதான் பேசவில்லை.

ஒரு ஞாயிறு எமகண்டத்தில், பவித்ராவோடு பேசி முடித்துவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு மாதிரி கீறீங்களே, உடம்பு சரியில்லையா என்றாள். அந்த ஒரு கேள்விக்கே நான் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஐம்பத்து நாலு வயசில் இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை.

"எழிலு, அந்த டைம்டேபிள் நான் உன் படிப்புக்குப் போடல."

"பின்ன?"

"நீ என்கூடப் பேசணும்னு போட்டேன். அந்த நேரத்துல நீ புக்கைத் தொட மாட்டியேன்னு போட்டேன். நீ இன்னாடான்னா எல்லாரு கூடவும் பேசுற. துலுக்கானம் வந்தாலும் பேசாதன்றான். ஆள் இருக்குற ஊட்ல தனியா கீறேன் நான்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வெட்கமாகப் போய்விட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முழங்கால் மேல் கையை வைத்தாள்.

"அத நேரா கேக்கக் கூடாதா? வர்ற ஞாயித்துக்கெழம ராகு காலம் பூரா உங்களுக்குத்தான். தூங்கல, போனு எடுக்கல. எதுக்க உக்காந்து நீங்க சொல்றத கேக்கறேன். போதுமா?"

போதுமாவா. ஒன்றரை மணி நேரம். முழுசாக எனக்கு.

அந்த வாரம் நான் பட்ட பாட்டைப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள்கூடப் பட்டிருக்காது. என்னென்ன பேசுவது என்று தலைப்பு தலைப்பாகப் பிரித்தேன். கம்பெனிச் செய்திகள் ஒரு பாடம். பவித்ரா கல்யாணம் ஒரு பாடம். என் தம்பி திருவேங்கடம் வீட்டு எல்லைச் சுவர்த் தகராறு ஒரு பாடம், அது கொஞ்சம் பெரிசு. காலை பஸ்ஸில் ஒன்று, மாலை பஸ்ஸில் ஒன்று என்று ஒத்திகை பார்த்தேன். ஸ்டோரில் போல்ட்டுப் பெட்டிகளுக்கு எதிரே நின்று சொல்லிப் பார்த்தேன். கடைசிப் பாடத்துக்குத் தலைப்பே வைக்கவில்லை. நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை என்று சொல்லவேண்டும், அதுதான் அந்தப் பாடம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அதைச் சொன்னதே இல்லை.

ஞாயிறு வந்தது. துலுக்கானத்தை அன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தலை வாரிக்கொண்டேன். அவள் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, டீ போட்டு எனக்கு முன்னால் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். முந்தானையை எடுத்து மடியை மூடினாற்போல் போட்டிருந்தாள். காதில் ஒயர் இல்லை. கையில் போன் இல்லை. சொன்ன சொல் தவறாதவள். நாலரை ஆனது.

"சொல்லுங்க" என்றாள்.

எனக்கு எல்லாம் மறந்துவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வரி வரவில்லை. வினாத்தாளைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி உட்காருவார்களே, அப்படி உட்கார்ந்திருந்தேன். மோட்டார் ரொம்ப நேரம் ஓடுது, ஆனா தொட்டி ரொம்பல என்றேன். ம் என்றாள். கம்பெனில புதுசா ஒரு வாட்ச்மேன் வந்திருக்காரு என்றேன். ம் என்றாள். எந்த ஊர் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். எல்லைச் சுவர்த் தகராறை ஆரம்பித்தேன். வாரம் முழுக்க அது பெரிய கதையாக இருந்தது, சொல்லும்போது நாலு வாக்கியத்தில் முடிந்துபோனது. கல்யாணப் பேச்சை எடுத்தால் அது அவளும் பவித்ராவும் எமகண்டத்திலேயே பேசித் தீர்த்த விஷயம். கடிகாரத்தைப் பார்த்தேன். நான் குடித்த டீயின் சூடுகூட இன்னும் வாயைவிட்டுப் போகவில்லை.

முன்பெல்லாம் நாங்கள் என்னதான் பேசினோம் என்று யோசித்துப் பார்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அவள் ஏதோ சொல்வாள், நான் வேறு ஏதோ சொல்வேன். இரண்டும் ஒட்டாது. ஆனால் பொழுது போய்விடும். இப்படி எதிரெதிரே உட்கார்ந்து, சொல்லுங்க என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒட்டாத பேச்சுதான் என்று இப்போதுதான் புரிந்தது. அதை எந்தக் கட்டத்தில் எழுதிக் கலர் அடிப்பது.

மிச்சமிருந்தது அந்தக் கடைசிப் பாடம். சரி, நடப்பது நடக்கட்டும் என்று தொண்டையைச் செருமினேன்.

"எழிலு, நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

"நான் இங்கதானே கீறேன்" என்றாள் மெதுவாக.

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மணவறையில் குனிந்தவள், அதற்கப்புறம் இன்றுதான் குனிகிறாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். பாவம், அவளுக்கும் எவ்வளவு இருந்திருக்கும் மனசுக்குள். அவள் தானாக நிமிரட்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன். இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பேசாமல் இருந்தாலும் அன்று தனியாக இருக்கிற மாதிரித் தெரியவில்லை. இந்த அட்டவணை போட்ட நாளிலிருந்து முதல்முறையாக எனக்கு நிறைவாக இருந்தது.

அப்போது அவள் முந்தானைக்குக் கீழே சரக்கென்று ஒரு சத்தம் கேட்டது. தாள் புரட்டுகிற சத்தம்.

எழுந்து போய் முந்தானையை விலக்கினேன். மடியில் புத்தகம். விரித்தபடி. பென்சில்கூட இருந்தது. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

"ராகு காலத்துல புக்கைத் தொறக்க மாட்டியே நீ" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"தொறந்தது நாலே காலுக்குங்க. முன்னாடியே ஆரம்பிச்சத ராகு காலத்துல தொடரலாம், தப்பில்ல. புதுசாதான் எதையும் ஆரம்பிக்கக் கூடாது. புதுசா பேச ஆரம்பிச்சது நீங்கதான், அதான் வெளங்கல."